தனத்துக்கு நான் போட்ட பதின்மூன்று மார்க்

1. வெளியூரில் படித்தவர்

திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த கோச்சிங் சென்டர். சட்டக் கல்லூரியில் சேர எழுதும் கிளாட் தேர்வுக்கு அங்கே பத்துப் பேர் படித்தார்கள். இங்கிலீஷ் நடத்தியவர் வேறு வேலை கிடைத்துத் திடீரென்று போய்விட்டார். ஓனர் பாஸ்கர் என்னைப் பிடித்தது ஒரு டீக்கடையில். நான் ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்காக ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி, அந்த அம்மாவிடம் அதை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சூப்பரா பேசறீங்களே. எங்கங்க படிச்சீங்க?"

"வெளியூர்லங்க."

ஒரு விதத்தில் அது உண்மைதான். எட்டாவதைப் பாதியில் விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனி, கோவாவில் தட்டு கழுவும் வேலை, ஹூப்ளியில் லாரி கிளீனர் என்று பத்து வருஷம் சுற்றினேன். சில ஊர்களில் பஸ் ஸ்டாண்டுதான் வீடு. கடைசியாக ரமணாசிரமம் பக்கம் வாடகை ரூம்களைக் கூட்டிப் பெருக்கும் வேலை. அங்கே தங்கியவர்களோடு பேசிப் பேசி வந்ததுதான் என் இங்கிலீஷ். காதில் விழுந்தால் புரியும், வாயில் வரும். ஆனால் அச்சடித்த ஒரு முழுப் பக்கத்தை என்னால் படிக்க முடியாது. நாலு வரிக்குள் எழுத்து கலங்கிவிடும்.

இதை பாஸ்கரிடம் சொல்லவில்லை. முதல் நாளே ஒரு பையன் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றான். அதுவரைக்கும் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அதற்கப்புறம் சொல்லும் எண்ணமே போய்விட்டது.

கிளாட்டில் எல்லாமே பாராதான். ஒரு பெரிய பாராவைக் கொடுத்து அதன் கீழே கேள்வி கேட்பார்கள். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "ரீடிங் பிராக்டிஸ்" என்று சொல்லி யாரையாவது சத்தமாகப் படிக்க வைப்பேன். காதால் கேட்டுப் புரிந்துகொள்வேன். விடைகளின் எழுத்து மட்டும் கீ என்ற விடைப்பட்டியலிலிருந்து என் உள்ளங்கைச் சீட்டில் இருக்கும். விடைக்கான காரணத்தை அந்த நேரத்தில் என் வாய் பார்த்துக்கொள்ளும்.

2. ஓட்டை ஷீட்

தனத்துக்கு முப்பது வயது. கலெக்டர் ஆபீஸ் எதிரே மனு டைப் அடிக்கும் கடையில் வேலை. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். கணவர் சங்கர் அங்கே லோடு வேன் ஓட்டுகிறார். ஒரு பெண் குழந்தை. மற்ற ஒன்பது பேரும் பிளஸ் டூ பிள்ளைகள். அவர்களுக்கு இவர் "அக்கா".

"வக்கீலுங்க சொல்றத நானு டைப் அடிக்கிறேன் சார். அதுல தப்பு இருந்தா எனக்குத் தெரியுது. சொன்னா கேக்க மாட்டேன்றாங்க. கோட்டு போட்டாதான் கேப்பாங்க போல" என்று ஒருநாள் சொன்னார்.

மாதிரித் தேர்வான மாக் டெஸ்டில் அவருடைய மார்க் அறுபத்தொன்று, அறுபத்தாறு, அறுபத்தொன்பது என்று ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து வருஷம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கவேண்டிய படிப்பு. அதனால் வீட்டில் ஒரு பேச்சு வைத்திருந்தார். அடுத்த மாக்கில் எழுபதைத் தாண்டினால் அப்ளிகேஷன் போடுவது, தாண்டாவிட்டால் அந்த நினைப்பையே விட்டுவிடுவது. கணவர் வைத்த கெடு இல்லை, அவரே வைத்துக்கொண்டது. அப்ளிகேஷனுக்கு அந்த மாக் முடிந்து வரும் வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

ஞாயிற்றுக்கிழமை மாக். கேள்வித்தாள் பண்டலில் ஒரு காப்பி குறைந்தது. பாஸ்கர் வேறு பண்டலிலிருந்து ஒன்றை எடுத்துப் பத்தாக்கினார். பஸ் தாமதமாகிக் கடைசியாக வந்த தனத்துக்கு அந்தப் பத்தாவது காப்பி போனது. மற்ற ஒன்பதும் ஏ செட். அது மட்டும் பி செட். கேள்விகள் அதேதான், வரிசை வேறு. தனம் தன் விடைத்தாளில் செட் கட்டத்தில் பி என்று சரியாகவே நிரப்பியிருந்தார்.

திருத்துவது என் வேலை. ஒரு காலி விடைத்தாளில் சரியான வட்டங்களை எல்லாம் பஞ்ச் செய்து ஓட்டை போட்டு வைப்போம். அந்த ஓட்டை ஷீட்டைப் பிள்ளைகளின் தாள் மேல் வைத்து, ஓட்டையில் கறுப்பாகத் தெரிவதை எண்ணினால் போதும். தப்புக்குக் கால் மார்க் கழிக்க வேண்டும். பத்துத் தாளையும் அரை மணியில் முடித்தேன். எந்தத் தாளிலும் செட் கட்டத்தைப் பார்க்கவில்லை.

தனத்துக்கு வந்தது பதின்மூன்று.

3. செவ்வாய்க்கிழமை சாயங்காலம்

வேலை முடிந்ததும் கேள்வித்தாளோடு வந்தார். முகம் வாடியிருந்தது.

"எங்கியோ தப்பு இருக்கு சார். இந்த நாலு கேள்வி மட்டும் பாருங்க. இதுல எனக்கு டவுட்டே இல்ல."

"படிங்க" என்றேன், வழக்கம்போல.

ஒரு பாராவைப் படித்தார். தீர்ப்பை எளிமையாக எழுத வேண்டும், ஜெயித்தவனை விடத் தோற்றவனுக்குத்தான் அது புரியவேண்டும் என்று ஒருவர் எழுதியது. கட்டுரையாளர் யாரைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறார் என்பது கேள்வி. வழக்கில் தோற்றவரைப் பற்றி என்று தனம் போட்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஓட்டை ஷீட்டைப் பார்த்தேன். அந்த எண்ணுக்கு நேரே இருந்த ஓட்டை, சட்ட மாணவர்களைப் பற்றி என்ற விடையைக் காட்டியது.

எட்டாவது தாண்டாதவன் காது பெரிசா, அச்சடித்து வந்த கீ பெரிசா? ஷீட்டைத்தான் நம்பினேன்.

"தோத்தவங்கன்னு அவரே நேரா சொல்லிட்டாரு இல்லம்மா? நேரா சொன்னா அதான் ட்ராப். கேள்வி எடுக்கறவன் அதைக் கேக்க மாட்டான். இந்த மாதிரி கட்டுரைய யாரு படிப்பா? ஸ்டூடன்ட்ஸ். அப்போ கவலை அவங்க மேலதான்."

"அப்படியா சார்?"

"மேலாப்ல படிக்கிறீங்க. உள்ள போகணும்."

நாலு கேள்விக்கும் இப்படியே நாலு காரணம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் கேள்வித்தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எனக்கு இங்கிலீஷ் புரியுதுன்னே இத்தினி நாளா நெனச்சிட்டிருந்தேன் சார்" என்றவர் சிரிக்கப் பார்த்தார். அதன் பிறகு வகுப்புக்கு வரவில்லை.

4. கிருஷ்ணகிரி வரை

புதன்கிழமை விடைத்தாள்களைக் கட்டி அலமாரியில் வைக்கும்போது அந்த பி கண்ணில் பட்டது. பி செட்டின் கீயை எடுத்து, பேனாவால் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். எண்பத்து மூன்று. அந்த பேட்ச்சில் அதற்கு மேல் யாரும் எடுக்கவில்லை.

போன் கையில்தான் இருந்தது. தனத்தின் நம்பரும் இருந்தது. ஓட்டை ஷீட் மாறிவிட்டது என்று மட்டும் சொன்னால் போதாது. அப்படியானால் அந்த நாலு காரணம் என்ன என்று கேட்பார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சிக்கல் வந்தால் ஊரை விட்டுப் போய்விடுவது என் பழக்கம். வியாழக்கிழமை காலையில் பெங்களூர் பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரியில் இறங்கி இரண்டு நாள் சும்மா சுற்றினேன். கடைசி நாள் கழிந்துவிட்டால் சொல்லவேண்டிய அவசியமே இருக்காது என்று உள்ளுக்குள் நினைத்தேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன்.

சனிக்கிழமை திரும்பியபோது மார்க் லிஸ்ட் சுவரில் இருந்தது. ஒரு பையன் அதைப் பார்த்து, "பதிமூணு அக்கா இன்னிக்கும் வர்ல போல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் தனத்தின் விடைத்தாளை எடுத்துக்கொண்டு பாஸ்கரிடம் போய், செட் மாறியதைச் சொன்னேன்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஃபார்ம் டேட்டு நேத்தோட முடிஞ்சிச்சு. இப்ப போய்ச் சொல்லி யாருக்கு என்னா பிரயோஜனம்? சென்டர் பேருதான் கெடும். கம்முனு இருங்க."

இரண்டு நாளாக நானும் எனக்கு இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொருவர் வாயால் கேட்டபோது அருவருப்பாக இருந்தது. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

5. எந்தக் கீயில் இருந்தது

சங்கர் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், வாங்க. ஏ தனம், உங்க சார் வந்துருக்காரு பாரு! நீங்களாவது சொல்லுங்க சார், நாலு நாளா சரியா சாப்ட மாட்டேன்றா. பதிமூணு எடுத்தாலும் எங்க வூட்டு ஜட்ஜு அவதான்னு சொல்லிட்டேன். அதுக்கும் மொறைக்கிறா."

நான் உட்காரவில்லை. விடைத்தாளையும் பி கீயையும் தனத்திடம் கொடுத்தேன். ஷீட் மாறியதைச் சொன்னேன், எண்பத்து மூன்றைச் சொன்னேன். சங்கர் பைப்பை மூடினார். தனம் உள்ளே போய்க் கேள்வித்தாளை எடுத்துவந்து, பி கீயோடு முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"ஷீட்டு மாறிப்போச்சு, சரி. யாருக்கும் ஆவறதுதான். நாலு கேள்விக்குக் காரணம் சொன்னீங்களே சார், அது எந்தக் கீயில இருந்துச்சு?"

"எதுலயும் இல்லம்மா. நானே சொன்னது. அவ்ளோ பெரிய பாரா எனக்குப் படிக்க வராது. நான் எட்டாவது பாதி."

சங்கர் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எப்பத் தெரிஞ்சிச்சு?" என்றார் தனம்.

"புதன்கிழமை."

"ஃபார்ம் வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்துச்சு."

தனம் உட்கார்ந்து, தாளைச் சுருட்டாமல், மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"மனு குடுக்க வர்ற ஜனங்க பாதிப் பேருக்குப் படிக்க வராது சார். 'எனுக்குத் தெரியாதும்மா, நீயே படிச்சுச் சொல்லு'ன்னு தெகிரியமா கேக்கறாங்க. தினம் படிச்சுக் காட்டறேன். உங்களுக்கும் படிச்சிருப்பேன்."

அடுத்த வருஷம் எழுதப்போவதாகவும், அந்த சென்டருக்கு வரப்போவதில்லை என்றும் சொன்னார். நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

சென்டரை விட்டு மறுபடி ஆசிரமம் பக்கம், செங்கம் ரோட்டில் ரூம் வேலைக்கு வந்துவிட்டேன். கோச்சிங் வேலைக்குப் போகிறவர்கள் கேட்டால் ஒன்று சொல்வேன். உங்களிடம் படிக்க வருகிறவர் "இதில் எனக்கு டவுட்டே இல்லை" என்று சொன்னால், கீயைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள். அவர் சொல்வது சரியா என்று நீங்களே யோசியுங்கள். யோசிக்க முடியாவிட்டால் "தெரியலை" என்று சொல்லுங்கள். எனக்கு அந்தச் சொல் அன்று வாயில் வரவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் சங்கரைப் பார்த்தேன். அவரே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

"எழுதுனாங்களா?" என்றேன்.

"எழுதுனா சார்."

"மார்க்கு?"

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னார். "எவ்ளோன்னு உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிக்கீறா சார். தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. தனம் காலேஜில் சேர்ந்தாரா என்றுகூட நான் கேட்கவில்லை.