இளவழகனின் நெஞ்சுக்கட்டு

அறுவடை மிஷின் இரண்டு எனக்குச் சொந்தம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, நெல் மூட்டை தூக்கியே நிமிர்ந்தவன் நான். ஒரத்தநாட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் அரசப்பன் மிஷின் வருகிறது என்றால் வரப்பில் நிற்கிறவன் பீடியை அணைத்துவிட்டு எதிரே வருவான். ஆளை எடைபோடுவதில் என்னை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஒருத்தன் இல்லை. அந்தக் கண்ணால் பார்த்துத்தான் இளவழகனை டிரைவராகச் சேர்த்தேன்.

சேர்ந்த அன்றைக்கே அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அய்யா, பெத்தவங்க என்னைப் பொண்ணாத்தான் வளத்தாங்க. நெனவு தெரிஞ்ச நாள்லேர்ந்து நான் ஆம்பளைதான். உங்களுக்கு ஒத்து வரலைன்னா இப்பவே சொல்லிடுங்க."

"சாஞ்ச நெல்லைச் சிந்தாம அறுப்பியா?"

"அறுப்பேங்க."

"அப்புறம் என்னடா, ஏறு."

சொன்னபடி அறுத்தான். மழையில் படுத்துக் கிடந்த பயிரைக்கூட அவன் வாரி எடுத்த பிறகு வயலில் கொக்குக்கு வேலை இருக்காது. பேச்சு மட்டும் குறைவு. அவன் கூப்பிட்டால் அம்மா போனை எடுத்து ரொம்ப நாளாகிவிட்டது என்பதைக்கூட நானாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சுளுக்குக்குச் சுற்றுகிற பட்டையை மருந்துக்கடையில் வாங்கி, நெஞ்சு தட்டையாகத் தெரிய இறுக்கிக் கட்டிக்கொள்வான். அதற்கு மேல் பனியன், அதற்கு மேல் சட்டை. வீட்டில் இருக்கிறவன் ராத்திரியாவது கதவைச் சாத்திக் கழட்டலாம். அறுப்புக் காலத்தில் எங்களுக்கு வீடு ஏது? களத்தில் சாப்பாடு, லாரிக்கு அடியில் படுக்கை, பம்புசெட்டில் குளியல். மோட்டார் கொட்டகைக்குக்கூட வயர் திருட்டுக்குப் பயந்து வெளியேதான் பூட்டு. உள்ளே தாழ்ப்பாள் யார் வைக்கிறார்கள்? கட்டோடு தூங்கி, கட்டோடு எழுந்து, சட்டையோடு குளித்தான்.

இன்னொரு மிஷின் ஓட்டுகிற ஜெக்கரியாவுக்கு இது தெரியாது. "என்ன மாப்ளே, தண்ணிக்கே வெக்கப்படுறே? சட்டைக்குள்ள பொதையலா வெச்சிருக்கே?" என்று பம்புசெட்டுத் தொட்டியில் நின்று சீண்டுவான். இளவழகன் சிரித்துவிட்டுத் தள்ளிப் போவான்.

அந்த வருஷம் கோடை நெல் அறுப்பு. அதிராம்பட்டினம் பக்கம் ஒரு கிராமம். காற்றே நெருப்பாக அடித்தது. இளவழகன் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, மறு கையால் விலாவை அழுத்திக்கொண்டே ஓட்டினான். "என்னடா?" என்றேன். "சூடுங்க" என்றான். நானும் சூடு என்றே விட்டுவிட்டேன்.

உச்சி வெயிலில் எல்லோரும் புளியமர நிழலில் சாப்பிட உட்கார்ந்தோம். அவனைக் காணோம். ஜெக்கரியா முதலில் தின்று முடித்து, "தொட்டியில கெடக்கிற நெல்லை டிப்பர்ல எறக்கிடறேன்" என்று இளவழகனின் மிஷினில் ஏறி இன்ஜினைக் கிளப்பினான். நெல் தொட்டி மிஷினின் உச்சியில் ஆள் உயரத்துக்கு இருக்கும். அடியில் சுருள் தண்டு. அது சுற்றினால் நெல்லைக் குழாய்க்குள் இழுக்கும். நெல்லுக்கு மேல் கால் இருந்தால் காலையும் இழுக்கும்.

தொட்டிக்கு ஏறுகிற ஏணியடியில் இளவழகனின் செருப்பு கிடந்தது.

"நிறுத்துடா!" என்று நான் கத்திய கத்தலில் மரத்துக் காக்காயெல்லாம் பறந்தது, இன்ஜினும் நின்றது.

இந்த வயசில் அந்த ஏணியில் நான் ஏறிய வேகத்தில் ஒருத்தன் ஏறட்டும் பார்ப்போம். உள்ளே நெல்லின் மேல் கிடந்தான். யார் கண்ணும் படாத இடம் அது ஒன்றுதான் என்று கட்டைத் தளர்த்த இறங்கியிருக்கிறான். தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. பட்டை பாதி அவிழ்ந்து, தோலெல்லாம் சிவந்து தடித்து, உதடு வெளுத்து, மூச்சு விட முடியாமல் இருந்தான். என்னைப் பார்த்ததும் தண்ணீர் கேட்கவில்லை. சட்டையை இழுத்து மூடினான்.

"பாக்காதீங்கய்யா."

துண்டை அவன் மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்ன பெருசு, உள்ள என்ன?" கீழே இருந்து ஜெக்கரியா.

"பாம்பு. எல்லாரும் தள்ளிப் போங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திட்டவில்லை. விலா எலும்பு வீங்கியிருக்கிறது என்றார். "சுளுக்குப் பட்டை இதுக்கு ஆகாது, தம்பி. மூச்சு விட விட இறுக்கும். உங்களை மாதிரி திருநம்பிங்களுக்குன்னே தைச்ச உள்சட்டை இருக்கு. அளவு சரியா வாங்குங்க. எலும்பு ஆறுன பிறகு போடுங்க. போட்டுட்டுத் தூங்காதீங்க. எட்டு மணி நேரம்தான் கணக்கு, இந்த வெயில்ல அவ்வளவுகூட வேணாம். நிறைய தண்ணி குடிங்க. வலிச்சா, தலை சுத்துனா அந்த நிமிஷமே கழட்டிடணும்."

"கழட்டிட்டு எப்படிங்க சீட்டுல ஏறுவேன்? வரப்புல நிக்கிற அத்தனை பேரும் என் நெஞ்சைத்தானே பாப்பாங்க. கழட்டினா உசுரு இருக்கும், நான் இருக்க மாட்டேங்க."

நெஞ்சைத் தட்டையாக்குகிற ஆபரேஷனுக்குப் பேர் கொடுத்திருக்கிறான். எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. டாக்டரம்மா உள்சட்டை கிடைக்கிற இடத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கலெக்டரிடமே எதிர்த்துப் பேசிய நான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

எலும்பு ஆறியதும் திரும்பி வந்தான். புது உள்சட்டை. விடியலில் ஏறுவான், வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும் என்பது என் சட்டம். எந்த ஊரிலும் முதலில் மோட்டார் கொட்டகைச் சாவியை வாங்குகிறேன். உள்தாழ்ப்பாள் இல்லாத இடத்தில் வாசலில் நானே உட்காருகிறேன்.

போன வாரம் ஒரு மத்தியானமும் அப்படித்தான், கீற்றுக் கொட்டகைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். உள்ளே உள்சட்டையைக் கழட்டிப் படுத்திருந்தவன் அழுவது கேட்டது. கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. ஜெக்கரியா வேறு ஊரில் இருந்தான். வயல்காரர் ஓடி வந்தார்.

"இன்னும் ரெண்டு மா நெலம் அறுக்காம நிக்குதுங்க! மழை வருது, ஆளை எழுப்புங்க!"

"முடியாது."

"அரசப்பன் மிஷின்னு நம்பித்தானே வரச்சொன்னேன்? இனிமே இந்த ஊருக்கு வந்துடாதீங்க!"

அரசப்பனிடம் அப்படிச் சொன்னவன் அதுவரைக்கும் இல்லை. நான் எழுந்திருக்கவில்லை. முதல் தூறல் கீற்றில் விழுந்தது. உள்ளே அழுகை நின்றது.

"அய்யா, மழை... நான் வரேங்க."

உள்சட்டையை மாட்டிக்கொள்ள எடுக்கிற சத்தம் கேட்டது. கதவை முதுகால் இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"நீ வருவேன்னு தெரியும்டா. படு."