லாரி வரிசையில் ஒரு கையெழுத்து

ஆறு கிலோமீட்டர் போக இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும் வண்டி உலகத்திலேயே தன் அப்பாவிடம்தான் இருக்கிறது என்று ஃப்ளோரன்ஸ் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். இன்னாசி டிரெய்லர் லாரி டிரைவர். தப்பு அவர்மேல் இல்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில், அவர்கள் வீடு இருக்கும் திருவொற்றியூர் வரைக்கும் வால் நீட்டி நிற்கும். டிரைவர்களுக்குச் சமையல், துவையல், சவரம் எல்லாமே அந்த வரிசையில்தான்.

அதை வைத்தே மகளின் படிப்புக்கும் அவர் தீர்ப்பு சொல்லிவிட்டார். பாரிமுனைப் பக்கத்துக் கல்லூரி வேண்டாம், பஸ் இந்த வரிசையில் மாட்டிக்கொள்ளும். தெருமுனை பிரவுசிங் சென்டரில் லோகநாதன் புதிதாகக் கொண்டுவந்திருக்கும் ஆன்லைன் பி.காம் போதும்.

மாதிரி வகுப்புக்கு ஃப்ளோரன்ஸ் போய்த்தான் பார்த்தாள். திரையில் பாடம் நடத்தியவர் 'ஆகவே' என்று வாயைத் திறந்தார். திறந்தது திறந்தபடியே பத்து நிமிஷம் நின்றார்.

"சார், கொசு பூந்துரப் போவுது" என்றாள் திரையைப் பார்த்து.

"நெட்டு ஸ்லோவா கீது. அதுக்கு நக்கலா?" என்றார் லோகநாதன்.

"டவுட்டு கேட்டா, அண்ணா?"

"மெயில் போடு. ஒரு வாரத்துல பதில் வரும்."

அவள் சொன்ன கொசு ஜோக்குக்குச் சிரிக்கப் பக்கத்தில் ஒருத்திகூட இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கல்லூரியில் இடம் கிடைத்தது. 2008 ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்குள் அப்பாவின் கையெழுத்தோடு ஃபாரம் அங்கே வந்து சேர வேண்டும். அப்பாவோ முந்தின நாள் மதியத்திலிருந்து வரிசையில். நாலு வருஷம் ரிப்போர்ட் கார்டில் அவர் கையெழுத்தைப் போட்ட கை அவளுடையது. அன்றைக்கு மட்டும் அவர் கையாலேயே வேண்டும் என்று தோன்றியது. நடந்தாள்.

காசிமேட்டுக்குச் சற்று முன்னால் லாரி அகப்பட்டது. ஏறி உட்கார்ந்து ஃபாரத்தை ஸ்டீயரிங் மேல் வைத்தாள்.

"முடியாதுன்னு சொன்னேன்ல? பஸ்ஸு மாட்டிக்கினா கிளாஸுக்கு எப்ப போவே?"

"பஸ்ஸு இன்னாத்துக்கு? வூட்லேந்து நடந்தேன், ஒன்னேகால் அவுரு. நீ நேத்து கெளம்பினே, நைனா."

முன்வண்டி டிரைவர் உச்சிமாகாளி தலையை நீட்டினார். "அண்ணாச்சி, பிள்ள உம்மள முந்திட்டால்லா!"

அவர் வண்டி நகர்ந்தது. முன்னால் இடம் விழுந்தது. பின்னால் ஹாரன்கள் கத்தின. ஃப்ளோரன்ஸ் சாவியைப் பிடுங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"குடு! வேற எவனாவது பூந்துருவான்!"

"பூரட்டும். நான் கம்ப்யூட்டர் முன்னாடி குந்தப் போறதில்ல. கிளாஸ்லதான் குந்துவேன்."

அவர் கையை ஓங்கினார். கண் அவள் காலில் விழுந்தது. செருப்பும் விரலும் துறைமுகத்து நிலக்கரித் தூளில் ஒரே கறுப்பு. ஓங்கிய கை பேனாவைத் தேடியது. பின்னால் ஊரே ஹாரன் அடிக்க, இ-ன்-னா-சி என்று ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகப் போட்டார்.

"தெனமும் இப்பிடியே நடப்பியா?"

"பஸ்ஸு ஓடுனா பஸ்ஸு. நின்னா காலு." சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். "திரும்பி வரசொல்ல சோறு வாங்கியாறேன். நீ எங்க போவப் போறே, இங்கதான கீவே!"