ஊசி குத்திய இடம்

கொடிகாமத்தில் ஒருவரைச் சுட்டுக் கொன்ற வழக்கில், பன்றி விரட்ட லைசென்ஸ் துவக்கு வைத்திருந்த என் அண்ணையை மறியல் சிறையில் அடைத்திருந்தார்கள். துவக்குகளை ஆராயும் அரச நிபுணர் சாட்சி சொல்ல வந்தார். மெலிந்த பெண்மணி. ஒவ்வொரு பதிலுக்கும் முன் மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

“விசையை இழுத்தால் துவக்கின்ரை ஊசி தோட்டாவின்ரை அடியிலை குத்தும். இவரின்ரை துவக்கு நடுவிலை குத்துது. செத்தவருக்குப் பக்கத்திலை கிடந்த வெறும் தோட்டாக் கோதிலை குத்து ஓரத்திலை இருக்கு. சுட்டது வேறை துவக்கு.”

அண்ணையை விட்டுவிட்டார்கள். நீதிமன்ற வாசலில் அம்மா அந்த நிபுணரின் கைகளைப் பிடித்து அழுதார்.

“நன்றி வேண்டாம், அம்மா. அந்தக் கோதிலையும் நடுவிலை குத்தியிருந்தால் அதையும் இப்பிடித்தான் சொல்லியிருப்பன்.”

அம்மா சட்டென்று கைகளை விட்டுவிட்டார். எனக்கோ, அந்தச் சொல்லுக்காகவே அவரை இன்றும் கும்பிடத் தோன்றுகிறது.