அபாயச் சங்கும் காதில் எரியும் குழலும்

ரயிலில் அடைத்துப்போன காதோடு ராயப்பேட்டை மார்க்கெட் ஓரம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன். காது சுத்தம் செய்யும் பாய், மெழுகுத் துணிக் குழலை அந்தக் காதில் செருகி மேல்முனையைக் கொளுத்துகிறார். சடசடவென்று எரிவது மட்டும்தான் மண்டைக்குள் கேட்கிறது. திடீரென்று கடைக்காரர்கள் ஓடுகிறார்கள்.

“என்ன பாய்?”

அவர் குனிந்து சொல்கிறார். “அபாயச் சங்கு ஊதுது. ஜப்பான்காரன் குண்டு போட வரான் போலக்கீது. ஆடாதே நைனா, இப்ப புடுங்கினா உருகின மெழுகு உள்ள ஊத்திக்கும்.”

ஆடாமல் கிடக்கிறேன்.

“நீங்க ஓடுங்க பாய்.”

“நெருப்ப உன் காதுல வச்சிட்டு நான் எங்க ஓடறது?”

வானத்தைப் பார்த்துக்கொண்டே என் தலையை இறுகப் பிடித்துக்கொள்கிறார். குழல் எரிந்து முடியும்வரை அவர் நகரவில்லை.

ஓடியவர்கள் திரும்பி வருகிறார்கள். வெறும் ஒத்திகையாம். பாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, “இப்ப கேக்குதா?” என்கிறார்.

அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. “நல்லா கேக்குது பாய்” என்கிறேன்.