பெரியப்பா ஏற்றிய பிரஷர்

அமெரிக்காவில், பேர்லேண்ட் கோயில் பார்க்கிங்கில் பெரியப்பா தன் டீசல் டிரக்கின் ஆக்சிலரேட்டரை மிதித்தார். கரும்புகை முகத்திலடித்ததும் நான் நினைவில் எங்கள் பழைய நாமக்கல் லாரிப் பட்டறைக்குப் போய்விட்டேன்.

டீசல் வாடையடிக்கும் துண்டோடு அப்பா கேஜ் முள்ளைப் பார்த்துப் பார்த்து லாரியின் டீசல் பிரஷரைச் சரியாக வைப்பார். அவர் நகர்ந்ததும் பெரியப்பா, "வண்டி இழுக்கோணுமல்ல" என்று அதை ஏற்றிவிடுவார். பொட்டப்புள்ளைக்கு என்ன புரியும் என்று என் கண்ணெதிரிலேயே செய்வார். ஒருநாள் தொப்பூர் மேட்டில், டீசல் அதிகமாக எரிந்த சூட்டில் பிஸ்டன் உருகி, அப்பா ஓட்டிய வண்டி நின்றது. "என் தம்பிக்கு ஓட்டத் தெரியல" என்று ஊரெல்லாம் சொன்னார். அப்பா அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை.

"பிரஷர நானே ஏத்தி வெச்சேன் கண்ணு. நாளைக்கு ட்ரெய்லர் கட்டிட்டு டல்லாஸ் வரைக்கும் டிரைவ் பண்றேன். புகை ஜாஸ்தியோ?" என்றார் பெரியப்பா.

"பத்தாதுங்க பெரியப்பா," என்றேன். "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க."