கூவாமல் தொட்டால் ஃபவுல்

இன்று காலை மகளின் ஜெர்சியை வாளியில் ஊறப்போட்டேன். தண்ணீர் மெல்லச் சிவந்தது. நெற்றியில் நான்கு தையல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று நேற்றே டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் சோப்பு இரண்டு முறை நழுவி விழுந்தது.

ஈர ஜெர்சியின் வாசனை எங்கள் எஸ்டேட் கால்பந்து மைதானத்தின் வாசனை. அன்று எனக்கு இருந்தது ஒரே ஜெர்சி. ஞாயிறு ஆடி, திங்கள் துவைத்தால், அடுத்த ஞாயிறு வரை காயாது. அதையே மாட்டிக்கொண்டு ஓடுவேன்.

மைதானம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கட்டபெட்டுப் பக்கம், தேயிலைச் சரிவைச் சமன்செய்யத் தொடங்கிப் பாதியில் விட்ட இடம். மூன்று மணிக்கு மேல் மேகம் இறங்கிவிடும். சொந்தக் காலே தெரியாது. அதற்காக ஆட்டத்தை நிறுத்துவோமா என்ன? எங்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. பந்தைத் தொடப் போகிறவன் முதலில் தன் கூவலைக் கொடுக்க வேண்டும். கூவாமல் தொட்டால் ஃபவுல். இரண்டு கூவல் கேட்டால், பிந்திக் கூவியவன் விலகிக்கொள்ள வேண்டும்.

ஆளுக்கொரு கூவல். என்னுடையது ‘ஏஏய்ய்ப்!’ என்று எருமை விரட்டுகிற மாதிரி இருக்கும். என் கூட்டாளி செல்வத்தின் கூவல் கோழிக்கும் குயிலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று, எழுத்தில் வராது. கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்கள் மேட்டில் நின்று, வெறும் வெள்ளைக்குள் நடக்கும் ஆட்டத்தைக் காதாலேயே பார்ப்பார்கள்.

“செல்வம் மேல ஏறிட்டான்டி, இந்தா கோலு!”

“அட போடி, அது எங்கூட்டுக்காரரு இருமுனது!”

பத்தொன்பது வயதில் சென்னையில் ஒரு கம்பெனி அணிக்கான தேர்வுக்குப் போனேன். தேறினால் பந்தாடுவதே வேலை. தேறாவிட்டால் எஸ்டேட் ஃபேக்டரியில் இலை அள்ளிக்கொட்ட வேண்டும். பளீரென்ற வெயில். முதல் பந்து என் பக்கம் வந்ததும், பழக்கதோஷம், ‘ஏஏய்ய்ப்!’ எதிரணியில் மூன்று பேர் திரும்பி நேராக என் காலுக்கே வந்தார்கள். அடுத்த பந்துக்கும் அதே. அதற்கடுத்ததற்கும்.

“ஏம்ப்பா, பால் விக்க வந்தியா, பந்து ஆட வந்தியா?” என்றார் கோச். மைதானமே சிரித்தது.

இடைவேளைக்குப் பிறகு ஜெர்சிக் காலரை வாயில் திணித்து இறுகக் கடித்துக்கொண்டேன். சத்தம் தொண்டையில் முட்டியது, கால்தான் பேசியது. இரண்டு கோல்! தேறிவிட்டேன்! கொல்கத்தா, கோவா என்று ஒன்பது வருஷம் ஆடினேன். எல்லாப் படத்திலும் காலர் என் வாயில்தான். அதை என் ஸ்டைல் என்று பத்திரிகையில் எழுதினார்கள். நானும் மறுக்கவில்லை.

முழங்கால் போனது. கோச்சுக்குப் படித்து, மலைக்கே திரும்பி, என் மகளோடு சேர்த்து எஸ்டேட் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினேன். என் முதல் பாடம், “வாயைத் திறக்கக் கூடாது. கண்ணால பேசுங்க.” நான் பட்ட அவமானம் என் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றுதான். பூனை மாதிரி ஆடினார்கள். கோயமுத்தூருக்கு இறங்கி ஜெயித்துவிட்டு வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேற்று மாலை, பயிற்சி முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் மேகம் இறங்கியது. நான் விசில் ஊதியிருக்க வேண்டும். ஊதவில்லை. ஒரே பந்துக்கு என் மகளும் இன்னொரு பெண்ணும் எதிரெதிரே ஓடியிருக்கிறார்கள். தலைகள் மோதிய சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. அந்தப் பெண் ஒரு வீக்கத்தோடு தப்பினாள்.

ஆஸ்பத்திரியில், “ஒரு கொரல் குடுத்திருக்கலாமே பாப்பா,” என்றேன்.

“நீங்கதானப்பா வாயத் தொறக்காதன்னீங்க.”

இன்று மாலை பிள்ளைகளை உட்காரவைத்து எங்கள் பழைய கூவல் சட்டத்தைச் சொன்னேன்.

“எப்படிங்க சார் கூவறது?” ஒரே சிரிப்பு.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் செல்வத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். “டேய், உன் கூவல ஒருக்கா போடுடா, பசங்க கேக்கட்டும்.”

“போடா கிறுக்கா, சுத்தி ஆளுங்க இருக்காங்க.” பின்னால் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு தணிந்த குரலில் கேட்டான்: “நான் அப்பல்லாம் எப்படிடா கூவுவேன்? நீ சொல்லேன்.”

பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதுக்குள் செல்வத்தின் கூவல் அப்படியே இருக்கிறது. எனக்குச் சொல்ல வரவில்லை.