வரவில்லை என்று எழுதப்பட்ட அணி

எங்கள் மலைக் கூடைப்பந்துக் கழகத்துக்கு வரலாறு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தபோது, முதலில் நன்றாகப் புகழ்ந்துவிட்டுத்தான் கேட்டார்கள். "பசங்களுக்குத் தமிழ்ப் பாடம் எடுக்கிற, உன்ன வுட்டா யாரும்மா எழுதுவாங்க?" என்றார் கழகச் செயலாளர். பழைய மண் மைதானத்தின் மேல் சிமெண்ட் போட்டாயிற்று. வாசலில் ஒரு கருங்கல் பலகை நிற்கப்போகிறது. கழகத்தின் வரலாறு சுருக்கமாக, அதற்குக் கீழே ஆடியவர்கள், பயிற்சி கொடுத்தவர்கள் பெயர்கள். மாவட்டச் சங்கத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து, கல்லில் இருப்பதை மைக்கில் படித்துத் திறந்து வைப்பார் என்று ஏற்பாடு. எனக்கும் உச்சி குளிர்ந்துபோய்த் தலையாட்டிவிட்டேன்.

அப்புறம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தார். இரண்டு தடவை படித்தேன். முதல் பயிற்சியாளராக, எங்கள் ஊர் பஸ்ஸின் பழைய கண்டக்டர் பெயர் இருந்தது. ஆண்கள் அணியில் எல்லோரும் இருந்தார்கள், ஒரே ஒரு ஆட்டத்தில் ஐந்து நிமிஷம் இறங்கினவர்கூட இருந்தார். கழகத்தின் முதல் அணியாக ஆடிய எங்கள் ஏழு பெண்களில் ஒருத்தியின் பெயரும் இல்லை.

"கீழ போயி டோர்னமெண்ட்ல ஆடுனவங்க பேரு மட்டும்னு கமிட்டில முடிவு பண்ணிட்டோம்மா" என்றார்.

"நாங்களும் போனமே, அண்ணா."

"போனீங்க. ஆடலியே." பைக்குள்ளிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து நீட்டினார். கல்லில் தப்பு வந்துவிடக் கூடாது என்று சங்கத்தின் பழைய பதிவேட்டிலிருந்து நகல் வாங்கி வந்திருக்கிறார். மகளிர் பிரிவு, முதல் சுற்று: மலை அணி வரவில்லை. எதிரணி வெற்றி. நீல மை ஜெராக்ஸில் கறுப்பாகத் தெரிந்தது, எழுத்து முத்து முத்தாக இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாங்கள் போகவில்லையாம்.

பந்து எங்கள் ஊருக்கு பஸ்ஸில்தான் வந்தது. ஆலங்காயத்திலிருந்து சாயங்காலம் ஏறி வருகிற ஒரே பஸ், எங்கள் ஊரிலேயே தங்கி மறுநாள் காலையில் இறங்கும். அதற்குப் புதிதாக வந்த கண்டக்டர் கீழே ஏதோ ஒரு டீமில் ஆடியவர். எங்களைவிட ஆறேழு வயது மூத்திருப்பார். வந்த மூன்றாம் நாளே பொழுது போகாமல் பந்தை எடுத்துக்கொண்டு இடம் தேடினார். ஊரில் அகலமாக, சமமாக, கல் இல்லாமல் இருந்த ஒரே இடம் சாமை அடிக்கிற களம். சாணம் மெழுகி இறுகிக் கிடக்கும், பந்து நன்றாக எழும்பும். கான்வாஸ் ஷூவோடு அதில் ஏறினார். நாலு பக்கமிருந்தும் அதட்டல் வந்தது.

களத்தில் எங்கள் ஊரில் யாரும் செருப்புக் காலோடு ஏறமாட்டார்கள். தின்கிற தானியம் விழுகிற இடம். எந்த அதிகாரி வந்தாலும் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும். கண்டக்டர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, ஷூவைக் கழற்றிக்கொண்டுபோய் பஸ்ஸுக்குள் வைத்தார். அன்றைக்குப் பிறகு மலையில் அவர் வெறுங்காலோடுதான் ஆடினார்.

ஆண்பிள்ளைகள் திருப்பூருக்கும் குடகுக்கும் வேலைக்குப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தது நாங்கள். மலைப் பெண்களை முன்னேற்ற வேண்டும் என்றெல்லாம் அவர் புறப்பட்டு வரவில்லை. அவருக்கு ஆட ஆள் தேவைப்பட்டது, நாங்கள் வீட்டு வேலையிலிருந்து தப்பிக்க வழி பார்த்துக்கொண்டிருந்தோம். பலா மரப் பலகை, ஆலங்காயத்து லேத்துப் பட்டறையில் வளைத்த இரும்பு வளையம், அவ்வளவுதான். பஸ் வந்ததிலிருந்து இருட்டும்வரை ஆட்டம், காலையில் பஸ் கிளம்பும்வரை மறுபடியும். சாமை அறுப்பு வந்தால் ஒரு மாதம் களம் தானியத்துக்கு, பந்து பரணுக்கு. இரண்டு வருஷம் இப்படி ஆடினோம். யாரும் எங்களைத் தடுக்கவில்லை, யாரும் எங்களைப் பொருட்படுத்தவும் இல்லை.

எங்களில் ஒருத்தி இருந்தாள். எங்கே நின்று எறிந்தாலும் பந்து வளையத்துக்குள்தான் விழும். அவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார்கள். கீழே போய் ஒரே ஒரு ஆட்டமாவது ஆடிவிட்டுத்தான் கழுத்தை நீட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். அவளுக்காகத்தான் கண்டக்டர் திருப்பத்தூர்ப் போட்டிக்கு எங்கள் பெயரைக் கொடுத்தார். அவருக்கு எல்லா விதியும் மனப்பாடம். ஜெர்சியில் எண் நாலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பார், அதற்காக மஞ்சள் துணியில் நாலு முதல் பத்து வரை வெட்டி, சுடிதார் மேல்சட்டையில் ராத்திரி பகலாகத் தைத்தோம். அணித் தலைவியான நான் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்றுகூடச் சொல்லி வைத்தார்.

மைதானத்தில் இறங்கியதும் நடுவர் எங்கள் கால்களைப் பார்த்தார்.

"ஷூ எங்க?"

நாங்கள் கண்டக்டரைப் பார்த்தோம். அவர் முகம் வெளிறிப்போய்விட்டது. அவருக்குத் தெரியாத விதியா? சின்ன வயதிலிருந்து ஷூ போட்டு ஆடியவர்தானே. எங்கள் களத்தில் இரண்டு வருஷம் வெறுங்காலோடு ஆடி ஆடி, இந்த ஆட்டத்துக்கு ஷூ என்று ஒன்று வேண்டும் என்பதே மனிதருக்கு நினைவிலிருந்து போயிருந்தது. எண்ணெல்லாம் சரியாகத் தைக்கவைத்தவர், காலை மறந்துவிட்டார். எங்களுக்கோ, பந்தாடும் இடத்தில் காலில் எதையாவது மாட்டிக்கொண்டு ஏறுவது என்ற நினைப்பே வராது.

அவர் ஓடி ஓடி மற்ற அணிகளிடம் கேட்டு மூன்று ஜோடி வாங்கி வந்தார். மலையில் நடந்து அகன்ற எங்கள் பாதம் எதிலும் நுழையவில்லை. நுழைந்தாலும் ஐந்து பேர் ஆட வேண்டும், மூன்று ஜோடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு தடவை மட்டும் விடுங்கள் சார் என்று கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். நடுவர் மசியவில்லை. பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒருவர், "காட்டுலருந்து அப்படியே எழுந்து வந்துட்டாங்க போல" என்றார். கொஞ்சம் பேர் சிரித்தார்கள்.

"வெளிய போங்கம்மா" என்றார் நடுவர்.

"போவமாட்டோம்" என்றாள் அவள்.

கண்டக்டர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தை இல்லை அது. நானும் சொல்லவில்லை. அவளாகச் சொன்னாள், நாங்கள் மற்ற ஆறு பேரும் அவள் பக்கத்தில் போய் நின்றோம். நடுவர் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது அவள் கீழே கிடந்த பந்தை எடுத்தாள். கோட்டில் நின்று எறிந்தாள். விழுந்தது. நான் பந்தை எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் எறிந்தாள், விழுந்தது. நாலு பந்து வரிசையாக. சிரிப்பு நின்றுவிட்டது. ஐந்தாவது பந்தை அவள் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிக்கொண்டு போனார். அடுத்த ஆட்டத்துக்கு ஆட்கள் வரும்வரை நாங்கள் நகரவில்லை.

திரும்பி வரும்போது கண்டக்டர் பஸ்ஸில் டிக்கெட் வாங்கும் பயணியாக எங்களோடு உட்கார்ந்திருந்தார். "தப்பு என்னுதும்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். அடுத்த வருஷம் திருப்பூரிலிருந்து திரும்பி வந்த ஆண்கள் அணி கீழே போனது. அவர்கள் காலில் ஷூ இருந்தது. நாங்கள் பட்டதைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். அவர்களில் ஒருவர்தான் இன்றைய செயலாளர். பந்தைத் தட்டிக்கொண்டே ஓட அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அந்த ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். ஊர்க் கோடியில் சாமை அரைக்கிற மில்லில் வேலை செய்கிறாள். தவிட்டுத் தூசியோடு வந்து தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"இன்னாடி இது? வரலியா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"அப்ப நானு அன்னிக்கு எங்க போயிருந்தனாம்?"

அவள் தாளைத் திருப்பித் தரவில்லை. "என் வூட்டுக்காரரு இந்நாள் வரைக்கும் நம்பல" என்றாள். "கீழ ஊரு சுத்த போய்ட்டு வந்து பந்து ஆடுனேன்னு கத வுடுறேன்றாரு. நானும் சொல்றத நிறுத்திட்டேன். கல்லுல பேரு போட்டா போடட்டும், போடாட்டி போவட்டும். ஆனா வரலன்னு எழுதிகீறாங்க பாரு, அத மாத்தச் சொல்லுடி."

கமிட்டிக் கூட்டத்துக்கு நான் எழுதி முடித்த தாள்களோடு போனேன். முதலில் நயமாகத்தான் பேசினார்கள். குழாய்க்குப் பக்கத்தில் பெண்களுக்கென்று தனியாக ஒரு சின்னக் கல் வைக்கலாம் என்றார் ஒருவர். வேண்டாம் என்றேன். அப்படியானால் 'மகளிர் அணி பங்கேற்கவில்லை' என்று போட்டுவிடலாம், யாருக்கும் வருத்தம் இல்லை என்றார் இன்னொருவர். பூசி மெழுகுவதற்கு எங்கேதான் கற்றுக்கொள்கிறார்களோ.

"வர்றவரு சங்கத்து ஆளும்மா" என்றார் செயலாளர். "ஆட வுடலன்னு எழுதி வெச்சா, அவரு வாயாலயே அவங்கள திட்டுன மாதிரி ஆவும்."

"யாரையும் திட்டல. நடந்ததச் சொல்றோம்."

"ரூலுன்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

"இருக்கட்டும், அண்ணா. ஷூ இல்லன்னு ஆட விடல. அப்படியே எழுதுங்க. வந்தவங்கள வரலன்னு எழுதச் சொல்லி எந்த ரூல்ல இருக்கு?" எனக்குக் குரல் ஏறிவிட்டது, இறக்க மனமில்லை. "மொதல் கோச்னு கண்டக்டர் பேரப் போட்டிருக்கீங்க. அவரு யாருக்குக் கோச்? பலாப் பலகைக்கா?"

கடைசி நாற்காலியில் ஒருவர் சிரித்துவிட்டார். செயலாளர் சிரிக்கவில்லை. நான் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன். இந்த ஒரு வரி இல்லாமல் வரலாறு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நிஜமாகவே போகத்தான் எழுந்தேன். கதவுவரை போனபின் அவர் கூப்பிட்டார்.

"குடும்மா. வர்றது வரட்டும்."

கல்லில் அது இப்படி வந்தது: 'மகளிர் அணி திருப்பத்தூர் சென்றது. காலில் ஷூ இல்லாததால் ஆட விடவில்லை.' அதற்குக் கீழே ஏழு பெயர்கள்.

திறப்பு விழாவில் விருந்தினர் மைக்கைப் பிடித்து, துணியை விலக்கி, கணீரென்று படிக்கத் தொடங்கினார். கழகம் தொடங்கியது, களத்தில் ஆடியது, கண்டக்டரின் பெயர் எல்லாம் வந்தது. பிறகு ஒரு நொடி நின்றார். அடுத்து அவர் வாயிலிருந்து வந்தது ஆண்கள் அணியின் முதல் ஆட்டம்.

நான் மேடை ஓரத்தில்தான் இருந்தேன். கமிட்டியில் அவ்வளவு பேசியவளுக்கு அங்கே எழுந்திருக்கக் கால் வரவில்லை. ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கிறது, வந்தவர் பெரிய மனிதர். எனக்கு அது இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெண்கள் வரிசையில் அவள் எழுந்தாள்.

"ஐயா, ரெண்டு வரி வுட்டுட்டீங்க."

விருந்தினர் சிரித்துச் சமாளித்தார். "எல்லாம் கல்லுல இருக்கும்மா, எல்லாரும் படிச்சுக்குவாங்க. நேரமாவுது."

"ஆவட்டுங்க. படிங்க."

யாரோ அவள் புடவையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் உட்காரவில்லை. கூட்டம் செயலாளரைப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு கல்லுக்குப் போய், விட்டுப்போன வரியின் மேல் விரலை வைத்து, விருந்தினருக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

விருந்தினர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். ஆட விடவில்லை என்ற இடத்தில் குரல் இறங்கியது, ஆனாலும் மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அவள் பெயர் வந்தபோது, ஆண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய வீட்டுக்காரர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஏழாவது பெயரையும் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.